தேர்வுத்தாளில் எழுதியதும் கேஸ் ஷீட்டில் எழுதுவதும்

மருத்துவ மாணவர்களும் பெற்றோரும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்



இந்த அரங்கின் முன்வரிசைகளில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்னால், வார்டு வேலையை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்த ஹவுஸ் சர்ஜன்கள் நிற்கிறீர்கள். இடையில் பெற்றோர்களும் இந்த ஊர்ப் பெரியவர்களும் என் சக ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய்ச் சேர ஒரு மாணவருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி அவர் படித்தது அந்த மூன்று ஆண்டுகளில் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

முன்வரிசையில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பாக்டீரியா மருந்தை எப்படி எதிர்க்கிறது? மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும். மருந்து ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். உள்ளே வரும் வழியையே அடைத்துக்கொள்ளும். நான்கையும் சொன்னால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முழு மதிப்பெண். சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதும் அவருக்குத் தெரியும். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். அறிவைச் சோதிக்கும் பகுதியில் பெரும்பாலும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அதே வினாத்தாளில், நீங்கள் கடைசியாக எதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சளிக்கும் தொண்டைவலிக்கும் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டதாகக் கணிசமானோர் எழுதுகிறார்கள். மிச்சமான மாத்திரையை எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதுகிறார்கள்.

இனி பின்வரிசை. இரவு இரண்டு மணி. வயிற்றுவலி, லேசான காய்ச்சல் என்று ஒருவர் வந்து சேர்கிறார். ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்: செஃபோடாக்சிம் ஒரு கிராம், நரம்பு வழியாக, இரு வேளை; மெட்ரோனிடசோல், மூன்று வேளை. எந்தக் கிருமியை மனத்தில் வைத்து இதை எழுதினீர்கள்? எத்தனை நாளைக்கு? இந்தக் கேள்விக்கு நான் மீண்டும் மீண்டும் கேட்ட பதில் ஒன்றுதான்: "இந்த யூனிட்டில் இதுதான் சார் வழக்கம்."

இது நம் ஊர் மாணவர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மூன்று மருத்துவக் கல்லூரிகளின் நான்காம் ஆண்டு மாணவர்கள் 317 பேரிடம் கேட்ட ஆய்வு 2013இல் வெளியானது. ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி எங்களுக்கு இன்னும் கற்பியுங்கள் என்று கேட்டவர்கள் 90 விழுக்காட்டினர். பட்டம் வாங்கப் போகும் தறுவாயில் இருந்தவர்கள் அவர்கள். நோயாளி முன்னால் நிற்கும்போது எதை எழுதுவது, எப்போது எழுதாமல் இருப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கத் தங்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கையின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்களுக்குப் பாடம் குறைவாக இல்லை. அந்தப் பாடத்தைக் கேள்வியாக மாற்றி வார்டில் கேட்பதற்கு நாம் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. கேட்க முடியாத இடத்தில் மாணவர் முன்னவரைப் பார்த்து எழுதுகிறார். சில ஆண்டுகளில் அவரே முன்னவராகி, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார்.

இதனால் என்ன இழக்கிறோம் என்பதற்குச் சில கணக்குகள். பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பினால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்றும், அதனோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்றும் 2022இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகங்களை இணைத்து 2013 முதல் இதைக் கண்காணித்து வருகிறது. அந்தக் கண்காணிப்பில் கிளெப்சியெல்லா என்ற கிருமியில் இமிபெனம் மருந்துக்கு அடங்கியவை 2016இல் 65 விழுக்காடு. 2021இல் 43 விழுக்காடு. இமிபெனம், மெரோபெனம் ஆகிய கார்பபெனம் மருந்துகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏறக்குறைய கடைசியாகக் கையில் எடுப்பவை. ஐந்தே ஆண்டுகளில் அவற்றின் நிலை இது.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. இரத்தத்தில் நச்சுக்கிருமி ஏறிய பச்சிளங்குழந்தைகளிடம் முதலிடத்தில் இருந்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதது. அந்தக் குழந்தைகள் தம் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட வீணாக்கியவர்கள் அல்லர். பிறந்து சில நாள்கூட ஆகாதவர்கள். மற்றவர்கள் பயன்படுத்திய மருந்துகளின் விளைவு அவர்கள் மேல் இறங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்தக் கதையில் நம் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. மாணவர்கள் பலருக்கு அது தெரியாது. புதுடெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரின் சிறுநீரிலிருந்து 2008இல் ஒரு கிளெப்சியெல்லாவைப் பிரித்தார்கள். கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் புதிய நொதி ஒன்று அதில் இருந்தது. நியூ டெல்லி என்ற பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதற்கு என்டிஎம்-1 என்று பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் இந்த நொதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் கட்டுரை லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் அந்த நொதிக்கான மரபணுவைக் காட்டியிருந்தார்கள். நொதிக்கு நம் தலைநகரின் பெயரை வைத்ததைக் கண்டித்து அப்போது பெரும் கூச்சல் எழுந்தது. பெயரைப் பற்றிய சண்டையில் செலவிட்ட அந்த மாதங்களை மருத்துவமனைகளைச் சுத்தப்படுத்தச் செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே டெல்லியின் குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51இலும் அந்த மரபணு இருந்தது தெரிய வந்தது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மரபணு பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. ஒரு கிளெப்சியெல்லா அதைப் பக்கத்திலிருக்கும் ஈ. கோலை என்ற வேறு கிருமிக்குக் கொடுத்துவிட முடியும். எதிர்ப்பு என்பது ஒரு நோயாளியின் உடம்பில் தொடங்கி அந்த நோயாளியோடு முடிகிற விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "இந்தப் பேஷன்ட் ரெசிஸ்டன்ட் ஆகிவிட்டார்" என்று வார்டில் பேசிக்கொள்வதையும் கேட்கிறேன். எதிர்ப்பு கிருமியிடம் இருக்கிறது. அந்தக் கிருமி கை கழுவாத நம் விரல் வழியாக அடுத்த கட்டிலுக்குப் போகிறது.

2012 ஆகஸ்டில் இதே சென்னையில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. மருத்துவர் அப்துல் கஃபூர் அதை ஒருங்கிணைத்தார். சென்னைப் பிரகடனம் என்று உலகம் அதைக் குறிப்பிடுகிறது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்துவதோடு, மருத்துவப் பாடத்திட்டத்திலேயே ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் தொற்றுத் தடுப்பையும் சேர்க்க வேண்டும் என்றும் அது கேட்டது. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டமும் திறன் சார்ந்ததாக மாற்றப்பட்டது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் வார்டுக்குள் பழைய வழக்கம்தான் இன்னும் நடக்கிறது.

வார்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு நாளும் மூன்றெழுத்து எழுதப்படுகிறது: சிஎஸ்டி. அதே சிகிச்சையைத் தொடரவும் என்று பொருள். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு அவசரத்தில் எழுதிய ஆன்டிபயாடிக் இந்த மூன்றெழுத்தின் தயவில் நான்காம் நாள், ஏழாம் நாள், டிஸ்சார்ஜ் வரை ஓடுகிறது. அதற்குள் காய்ச்சல் டெங்கு என்று உறுதியாகியிருக்கலாம். வயிற்றுவலி சிறுநீரகக் கல் என்று ஸ்கேனில் தெரிந்திருக்கலாம். ஆனாலும் ஊசி நிற்பதில்லை. அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்று ஹவுஸ் சர்ஜன் நினைக்கிறார். முதுநிலை மாணவர், யூனிட் தலைவரான சீஃப் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். அறுபது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நகரும் சீஃபின் கண்ணில் அந்த ஒரு வரி படுவதில்லை. இதில் யாரையும் கெட்ட மருத்துவர் என்று நான் சொல்ல மாட்டேன். நின்று யோசிக்கும் ஒரு நொடியை அந்த ஏற்பாட்டுக்குள் யாரும் வைக்கவில்லை.

ஆன்டிபயாடிக் தொடங்கிய 48 மணி நேரத்தில் அந்த நொடி வர வேண்டும். மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்ன சொல்கிறது, நோயாளி எப்படி இருக்கிறார், தொடரலாமா, குறிப்பிட்ட கிருமிகளை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாற்றலாமா, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றலாமா, நிறுத்தலாமா? அன்று சிஎஸ்டி என்று எழுதக் கூடாது. ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கல்ச்சர் என்றேன். இங்கே நுண்ணுயிரியல்காரனாக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் டோஸ் போவதற்கு முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊசி போய் ஒரு நாள் கழித்து, காய்ச்சல் இறங்கவில்லை என்ற பிறகு எடுத்து அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு குப்பிக்கு எட்டு முதல் பத்து மில்லி வேண்டும். இரண்டு மில்லி வருகிறது. இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும், ஒன்று வருகிறது. இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அதனால் அளவு குறைந்தால் கிருமி சிக்காது. சிறுநீர் மாதிரி வெயிலில் மேசைமேல் மணிக்கணக்கில் கிடந்து, கிருமி பெருகிய பிறகு எங்களிடம் வருகிறது. பிறகு, கல்ச்சரை நம்ப முடியாது சார் என்று சொல்கிறார்கள். பழியில் ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. பல இடங்களில் இரவில் மாதிரி வாங்க ஆள் இல்லை. ரிசல்ட் வந்தாலும் தாளாகப் பெட்டியில் கிடக்கிறது. எங்களில் யாரும் வார்டுக்கு நடந்து போய்ச் சொல்வதில்லை. கல்ச்சர் ரிப்போர்ட் நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்து சேரும் மருத்துவமனையில் மாணவர் கற்றுக்கொள்வது, கல்ச்சர் ஒரு சடங்கு என்பதைத்தான்.

அறுவை சிகிச்சை வார்டில் இன்னொரு வழக்கம். தொற்று இல்லாத, சுத்தமான அறுவைக்குப் பாடத்தில் என்ன சொல்கிறோம்? கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் செஃபாசோலின். அறுவை நீண்டால் இன்னொன்று. முடிந்த பிறகு தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவாகவே பரிந்துரைத்தது. நடைமுறையில் தையல் பிரிக்கும் வரை மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஓடுகிறது. நான் அறுவை மருத்துவ நண்பர்கள் பலரிடம் இதைப் பேசியிருக்கிறேன். அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர், பயப்படுகிறார்கள். தியேட்டரின் காற்றோட்டத்தையும் ஸ்டெரிலைசேஷனையும் வார்டுக்குள் வந்து போகும் கூட்டத்தையும் அவர்களால் முழுதாக நம்ப முடியவில்லை. தண்ணீர்க் குழாய், சோப்பு, துணி, ஆட்டோகிளேவ் ஆகியவற்றில் உள்ள குறையை ஊசியால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தைத் தீர்க்காமல் மருந்தை நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். மாணவர்களுக்கு இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தையல் பிரிக்கும் வரை ஊசி என்பதை அவர்கள் மருத்துவ அறிவியல் என்றே எண்ணிக்கொள்வார்கள்.

பெரிய மருந்து, சிறிய மருந்து என்ற எண்ணமும் வார்டில்தான் முளைக்கிறது. அமாக்சிசிலின் சிறியது, செஃப்ட்ரியாக்சோன் நடுவில், மெரோபெனம் பெரியது என்று மனத்தில் ஒரு வரிசை. நோயாளி மோசமானால் வரிசையில் ஏறிப் போக வேண்டும் என்று மாணவர் நினைக்கிறார். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இரத்தத்தில் வளர்ந்து, அது மெதிசிலினுக்கு அடங்கும் வகையாக இருந்தால், அதற்குச் சிறந்த மருந்து செஃபாசோலின் அல்லது கிளாக்சசிலின். அங்கே வான்கோமைசினைத் தொடர்ந்தால் நோயாளிக்குத்தான் நட்டம். அது மெதுவாகவே கொல்லும். கிருமிக்குப் பொருந்தும் மருந்து எதுவோ அதுதான் அந்த நோயாளிக்கு நல்ல மருந்து.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை அக்சஸ், வாட்ச், ரிசர்வ் என்று மூன்றாகப் பிரித்தது. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், கிளாக்சசிலின், செஃபாசோலின், நைட்ரோஃபுரன்டாயின் எல்லாம் முதல் பிரிவு. இரவு இரண்டு மணிக்கு நாம் யோசிக்காமல் எழுதும் செஃபோடாக்சிம் இரண்டாம் பிரிவு, அதாவது கவனமாகக் கண்காணித்துக் கொடுக்க வேண்டியது. உலகில் மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளில் 70 விழுக்காடாவது முதல் பிரிவிலிருந்து வர வேண்டும், 2030க்குள் அந்த நிலையை அடைய வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. நம் வார்டின் அலமாரியைத் திறந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரால் முடியும். செய்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஸ்க்ரப் டைஃபஸ். நெல்வயலுக்கும் புதருக்கும் போய் வந்தவர், ஒரு வாரக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஈரல் பரிசோதனை சரியில்லை. ஒருவர் செஃப்ட்ரியாக்சோன் தொடங்குகிறார், இன்னொருவர் மெரோபெனத்துக்கு மாற்றுகிறார், காய்ச்சல் அசையவில்லை. இரண்டுமே அந்தக் கிருமியைத் தொடாது. அது உடலின் உயிரணுவுக்குள் ஒளிந்து வாழ்வது. பிறகு ஒரு மாணவர் நோயாளியின் ஆடையை விலக்கி அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு மடிப்பு என்று தேடுகிறார். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, வலியில்லாமல். அது பூச்சி கடித்த இடம். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்குகிறது. தீவிரமான நோய்க்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் நிரூபித்தது. இங்கே மெரோபெனம் மேலும் வீணாகாமல் தடுத்தது எது? அந்த மாணவர் நோயாளியை முழுதாகப் பரிசோதித்தது. ஆன்டிபயாடிக் பாடம் மருந்தியல் வகுப்பில் முடிந்துவிடுவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எத்தனை நாள் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். "கோர்ஸை முழுசாக முடிக்கணும்" என்று நாம் எல்லாருக்கும் சொல்லி வந்திருக்கிறோம். காச நோய்க்கு அது உயிர்நாடியான அறிவுரை, அதில் மாற்றம் இல்லை. மற்ற பல தொற்றுகளில் அந்தக் கோர்ஸின் நீளமே எப்படி வந்தது? பெரும்பாலும் வழக்கத்தால் வந்தது. வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஏழு, பதினான்கு என்று எழுதினோம். இரத்தத்தில் பாக்டீரியா ஏறிய 3,608 பேரைச் சேர்த்து ஏழு நாள் சிகிச்சையையும் பதினான்கு நாள் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024 நவம்பரில் வந்தது. ஏழு நாள் சிகிச்சை சளைத்ததாக இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில தொற்றுகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தேவைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கும் நாள்.

எத்தனை மருந்து, எத்தனை நாள் என்பதைச் சோதித்து அறிவது நமக்குப் புதிதல்ல. 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த காச நோயாளிகள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் கிருமி எதிர்ப்புப் பெற்று நோய் திரும்பியது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்பு குறைகிறது என்று அப்போதுதான் உலகம் கற்றது. 1956இல் சென்னையில் காச நோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்களின் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்துச் சேர்க்கையை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவு தேறினார்கள். வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காச நோய்ச் சிகிச்சையை மாற்றியது. சேத்துப்பட்டில் இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் படிக்கும் மாணவர், இந்த மருந்து எத்தனை நாள் என்று கேட்டதற்கு, யூனிட் வழக்கம் என்ற பதிலைக் கேட்டு அமைதியாக இருக்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மருந்தைத் தாமதப்படுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்த அழுத்தம் சரிந்து செப்டிக் ஷாக்கில் ஒருவர் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும். அங்கே யோசித்து நிற்பதுதான் தவறு. இரத்தம் எடுத்துவிட்டு உடனே கொடுங்கள். 48 மணி நேரம் கழித்து யோசியுங்கள்.

இப்போது மாணவர்களின் சொந்த வாழ்க்கை. ஒரு மருத்துவர் எழுதும் முதல் மருந்துச் சீட்டு எது? பதிவு எண் வாங்கிய பிறகு எழுதுவது என்று பெற்றோர் நினைப்பீர்கள். உண்மையில் அது இரண்டாம் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. அத்தை போன் செய்கிறார்: "தம்பி, ரெண்டு நாளா தொண்டை கரகரங்குது, நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே, ஒரு மாத்திரை சொல்லேன்." மருந்தியல் தேர்வு அப்போதுதான் முடிந்திருக்கும். பெயர் நாக்கு நுனியில் இருக்கும். "அசித்ரோமைசின் 500, மூணு நாள் போடுங்க அத்தை." மெசேஜாக அதை அனுப்பினால் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். அத்தைக்கு நான்காம் நாள் தொண்டை சரியாகிவிடுகிறது. மாத்திரை இல்லாமலும் ஆகியிருக்கும். ஆனால் அத்தைக்கு அந்தப் பெயர் மனப்பாடம் ஆகிவிடும். மாணவருக்கும் தன் முதல் வெற்றி நினைவில் நிற்கும்.

1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஏறக்குறைய இதே காட்சியைத்தான் எச்சரிக்கையாக விவரித்தார். தொண்டைவலி வந்த ஒருவர் தாமே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். எதிர்ப்புப் பெற்ற கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி, மருந்து வேலை செய்யாமல் மனைவி இறந்துபோகிறார். அதில் அவர் சொன்ன கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டைவலி தரும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. அப்படியானால் சேதம் எங்கே நடந்தது? தொண்டைக்காகச் சாப்பிட்ட மருந்து குடலுக்கும் போகிறது. அங்கே எந்தக் குற்றமும் செய்யாமல் இருக்கும் கிருமிகளில் அடங்குபவை சாகின்றன, அடங்காதவை பெருகுகின்றன. நலமாக நடமாடும் பலரின் குடலில் இன்று செஃபலோஸ்போரின்களை உடைக்கும் ஈ. கோலை குடியிருக்கிறது. சில மாதங்கள் கழித்து அதே கிருமி சிறுநீர்த் தொற்றாக வெளிப்படும்போது, அதற்கும் பழைய தொண்டைவலிக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவு வராது.

அசித்ரோமைசினைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தனியார் துறை விற்பனையை ஆராய்ந்தபோது, இந்தியாவில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான் என்று தெரிந்தது. அது உடலில் பல நாள் தங்குவது. குறைந்த அளவில் தங்கும் அந்த நாள்கள் எதிர்ப்புக்கு வசதியானவை. டைபாய்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசினை நாம் ஏற்கெனவே இழந்துவிட்டோம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிய டைபாய்டு பரவலில் செஃப்ட்ரியாக்சோனும் தோற்றது. வாய்வழி கொடுக்க மிஞ்சிய மருந்து அசித்ரோமைசின் ஒன்றே. அத்தையின் தொண்டைக்கு நாம் செலவழிப்பது, நாளை ஒரு பள்ளிக் குழந்தையின் டைபாய்டுக்குத் தேவைப்படும் மருந்தை.

மாணவர்களே, உறவினர் போன் செய்தால் என்ன சொல்வது என்று பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வலிக்குப் பாராசிட்டமால், மூன்று நாளில் குறையாவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ நேரில் போகச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் சொல்லாமல் அன்போடு பேசி அனுப்புவது ஒரு திறமை. பெற்றோர்களே, பெரியவர்களே, நீங்கள் அதற்கு உதவுங்கள். மருந்து எழுதித் தராத டாக்டரைத் திறமை இல்லாதவர் என்று எண்ணாதீர்கள். "ஊசி போட்டாத்தான் சரியாகும்" என்று வற்புறுத்தாதீர்கள். வீட்டு அலமாரியில் பாதி மாத்திரை வைத்திருந்து அடுத்த முறை எடுக்காதீர்கள்.

ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒன்று. ஆன்டிபயாடிக் எழுதும்போது அதன் பக்கத்தில் காரணத்தையும், மறுபரிசீலனை செய்யும் தேதியையும் எழுதுங்கள். "நிமோனியா சந்தேகம், நாளை மறுநாள் பார்க்க" என்ற அளவு போதும். அந்த ஒரு வரி எழுதப்பட்ட கேஸ் ஷீட்டில் மறுநாள் யாராலும் கண்ணை மூடிக்கொண்டு சிஎஸ்டி எழுத முடியாது. உங்களுக்கு மருந்தை மாற்றும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். காரணம் எழுதுவதற்கு யாரும் தடை போட மாட்டார்கள்.

கடைசியாக, தேர்வாளர்களாக இருக்கும் என் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவர் ரவுண்ட்ஸில், "இந்த மருந்து ஏன் சார், இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அதைவிடவும் முக்கியமாக, அடுத்த செய்முறைத் தேர்வில் மருந்தெதிர்ப்பின் நான்கு வழிகளைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பெயர் மறைத்த ஓர் உண்மையான கேஸ் ஷீட்டையும், கல்ச்சர் ரிப்போர்ட்டையும், மூன்று நாள் காய்ச்சல் சார்ட்டையும் மேசையில் வையுங்கள். இந்த ஆன்டிபயாடிக்கைத் தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா, ஏன் என்று கேளுங்கள். பத்து மதிப்பெண் கொடுங்கள். பொது மருத்துவத்தில் மட்டுமல்ல, அறுவையிலும் மகப்பேற்றிலும் குழந்தை நலத்திலும் இதைக் கேளுங்கள். மதிப்பெண் இருக்கும் இடத்தை நம் மாணவர்கள் படிக்காமல் விட்டதே இல்லை. வரும் தேர்விலேயே தொடங்குங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.